பெற்றோருக்கான இயற்கணிதத் தேர்வு

என் மகள் கயல் கணக்குப் பரீட்சையில் இருபத்தைந்துக்கு நான்கு வாங்கிய செய்தி, நான் ஆறாவது மாடியில் இருக்கும்போது வந்தது. தி. நகரில் ஒரு ஜவுளிக்கடையில் நான் லிஃப்ட் ஓட்டுகிறேன். மற்ற மாடிகளில் செல்போனுக்கு சிக்னல் கிடைக்காது. அதனால் என் குடும்பத்து நல்லது கெட்டது எல்லாமே ஆறாவது மாடிக்குப் போனால்தான் எனக்குத் தெரியவரும். கதவு திறந்ததும் போன் அடித்தது. என் மனைவி ரத்னா பேசினாள்.

"யோவ், கயலு கணக்குல நாலு மார்க்கு வாங்கினு வந்துகீது. துன்னாம குந்தினுகீது. இன்னான்னு கேளு."

கேட்பதற்குள் பட்டுப்புடவைக் கூட்டம் ஒன்று ஏறிவிட்டது. கீழே இறக்கிவிட்டேன்.

கயல் படிப்பது மந்தைவெளியில் இருக்கும் வித்யாவாரிதி பள்ளியில், ஏழாம் வகுப்பு ஏ பிரிவு. இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கென்று சட்டப்படி ஒதுக்கும் இடத்தில், குலுக்கலில் பெயர் விழுந்து சேர்ந்தவள். நொச்சிக்குப்பத்தில் எங்கள் பிளாக்கில் யாருக்குக் கணக்கில் சந்தேகம் வந்தாலும் இவளிடம்தான் வருவார்கள். இவள் நான்கு வாங்கினாள் என்றால் நம்புவது கஷ்டம். ரத்னா பதினெட்டு வருஷமாக மீன் விற்கிறாள். அவளுக்கு வஞ்சிரம் எது, சுறா எது என்று தெரியவில்லை என்று யாராவது சொன்னால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது எனக்கு.

கடை மூடி நான் வீட்டுக்குப் போகும்போது கயல் தூங்கிவிட்டிருந்தாள். மறுநாள் காலையில்தான் விடைத்தாளைப் பார்த்தேன். எனக்கு இங்கிலீஷ் எழுத்துக்கூட்டித்தான் வரும். கயலே ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னாள்.

முதல் கேள்வி, மாறி என்றால் என்ன. "எங்க அப்பா ஓட்டுற லிஃப்ட்ல ஒவ்வொரு தடவையும் எத்தனை பேர் ஏறுவாங்கன்னு முன்னாடியே தெரியாது. அந்த எண்ணிக்கைக்கு x-னு பேர் வெச்சா, அது மாறி" என்று எழுதியிருந்தாள். பூஜ்யம். ஓரத்தில் சிவப்பு மையில், 'லிஃப்ட் பாடத்தில் இல்லை.'

இரண்டாவது, கூட்டலின் பரிமாற்றுப் பண்புக்கு ஓர் உதாரணம். 5 + 2 = 2 + 5 என்று எழுதியிருந்தாள். பூஜ்யம். 'சரியான உதாரணம்: 4 + 7 = 7 + 4.'

மூன்றாவது, 3x + 5 + 2x என்பதைச் சுருக்குக. 5 + 5x என்று எழுதியிருந்தாள். பூஜ்யம். '5x + 5 என்று இருக்க வேண்டும். வரிசை தவறு.'

நான்காவது பங்கீட்டுப் பண்பு. ஒரு பையில் x மீனும் இரண்டு நண்டும் இருந்தால், மூன்று பையில் 3x மீனும் ஆறு நண்டும் இருக்கும் என்று படம் போட்டு விளக்கியிருந்தாள். நண்டுக்குக் கால்கூட எண்ணிப் போட்டிருந்தாள். அதற்கும் பூஜ்யம். 'நமது வளாகம் சைவம். மாம்பழம் பயன்படுத்தவும்.'

நான்கு மதிப்பெண் எதற்குக் கிடைத்தது என்று கேட்டேன். மார்ஜின் கோடு நேராகப் போட்டதற்கு இரண்டு, பெயரைப் பெரிய எழுத்தில் எழுதியதற்கு இரண்டு என்றாள்.

விடைத்தாளோடு ஒரு சுற்றறிக்கை இணைத்திருந்தார்கள். பதினைந்துக்குக் கீழே வாங்கிய மாணவர்கள் வரும் திங்கட்கிழமை முதல் அடித்தளப் பிரிவுக்கு அன்புடன் மாற்றப்படுவார்கள் என்று போட்டிருந்தது.

"அங்க போனா இன்னா கண்ணு ஆவும்?"

"கணக்கே கிடையாது நைனா. ஜெனரேட்டர் ரூம் பக்கத்துல ஒரு கிளாஸ். நியூஸ்பேப்பர்ல கவர் ஒட்டணும். போன வருசம் மூணு பேரு போனாங்கோ. இன்னும் ஒட்டினுதான் கீறாங்கோ." "எனக்குக் கணக்கு வேணும் நைனா" என்றாள். அவள் எதையும் வேணும் என்று கேட்கிற பிள்ளை இல்லை. அதனால்தான் எனக்குப் பயமாக இருந்தது.

வார விடுமுறையை மாற்றிக்கொண்டு புதன்கிழமை பள்ளிக்குப் போனேன். அலுவலகத்தில் குல்சும் என்றொரு பெண் இருந்தார். அந்தப் பள்ளியில் மனுஷ முகத்தோடு இருந்தவர் அவர் ஒருவர்தான். அவரும் ரொம்பக் களைப்பாக இருந்தார். மேல்முறையீட்டுப் படிவம் ஒன்றைக் கொடுத்தார். நிரப்பிக் கொடுத்தேன்.

"அண்ணே, அம்மா பேரு மேல, அப்பா பேரு கீழ. நீங்க மாத்தி எழுதிட்டீங்க."

"எப்டி எழுதினாலும் அதே ரெண்டு பேரு தானேம்மா?"

"அதே ரெண்டு பேருதான்ண்ணே" என்று சொல்லி வேறொரு படிவத்தை எடுத்துக் கொடுத்தார்.

இரண்டாவது படிவத்தை வாங்கிக்கொண்டு, காத்திருக்கும் அறைக்குள் போகப் பார்த்தேன். ஏசி ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே அடையாறு, போட் கிளப் பக்கத்துப் பெற்றோர்கள் சோபாவில் உட்கார்ந்திருந்தார்கள். காவலாளி என்னைக் கையைக் காட்டி நிறுத்தி, சைக்கிள் ஸ்டாண்டு ஓரமாகப் போட்டிருந்த பெஞ்சுக்கு அனுப்பினார். அங்கே குலுக்கலில் சேர்ந்த பிள்ளைகளின் பெற்றோர்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். அவர்களோடு நானும் ஒன்றரை மணி நேரம் வெயிலில் இருந்தேன்.

என்னைக் கூப்பிட்டது ஸ்வர்ணலதா மேடம். கணிதச் சொல்வளத் தர உறுதிப்பாட்டு ஒருங்கிணைப்பாளர் என்று கதவில் போட்டிருந்தது. கதவின் அகலம் போதாமல் கடைசி மூன்று எழுத்தைச் சுவரில் எழுதியிருந்தார்கள்.

"வெளில உக்கார வெச்சுட்டாங்கன்னு வருத்தப்படாதீங்க சார்" என்று அவரே ஆரம்பித்தார். "அது எங்க பெடகாஜி, கத்துக்குடுக்கற முறை. ஒத்த உறுப்புகளை ஒத்த உறுப்புகளோடதான் சேர்க்கணும். x-ஐ y-யோட கூட்ட முடியாதுல்ல? பசங்க நம்மளப் பார்த்துதான் கத்துக்கறாங்க. அதனால பேரன்ட்ஸையும் அப்படியே உக்கார வைக்கறோம்."

தலையாட்டினேன். லிஃப்ட் ஓட்டுகிறவனுக்குத் தலையாட்டுவது தொழிலில் பாதி.

"மேடம், எங்க பாப்பா 5 + 5x-னு எழுதிகீது. அதுவும் 5x + 5-ம் ஒண்ணு தானே?"

"ஒண்ணுதான் சார். வரிசை மாறினாலும் விடை மாறாது. அதுக்குப் பேருதான் பரிமாற்றுப் பண்பு. அதைத்தான் ஒரு டெர்ம் முழுக்க நடத்தினோம்."

"அப்போ ஏன் மேடம் தப்புப் போட்டீங்கோ?"

"வரிசை மாறிடுச்சே."

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் சிரிப்போ கோபமோ எதுவும் இல்லை. நான் வேறு மாதிரி கேட்டுப் பார்த்தேன். "நடத்தும்போது மாறலாம், எழுதும்போது மாறக் கூடாதுங்களா?"

"சொல்லிக்குடுக்கறது வேற, திருத்தறது வேற சார். ரெண்டையும் போட்டுக் குழப்பினா ஸ்கூல் நடத்த முடியாது. ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு உதாரணம் எழுதினா நான் ஒவ்வொண்ணையும் படிக்கணும். யோசிச்சுப் பாருங்க. நானூத்தி இருபது பேப்பர். எல்லாரும் 4 + 7 எழுதினா ஒரு மத்தியானத்துல முடிஞ்சுடும்."

இதுவரை அந்தப் பள்ளியில் நான் கேட்டதில் எனக்கு முழுசாகப் புரிந்த ஒரே விஷயம் அதுதான்.

"விடை எங்களுக்கு முக்கியம் இல்ல சார்" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார், ஏதோ எனக்கு மட்டும் சொல்லும் ரகசியம் என்பது போல. "விடை கால்குலேட்டரே சொல்லிடும். எங்க பிள்ளைங்களுக்கு விடை தெரியலன்னாலும் அந்தப் பண்போட பேரு தெரிஞ்சிருக்கும். நாலு பேர் முன்னாடி தைரியமா சொல்லும். எங்க ஸ்டாண்டர்டு அப்படி."

வழி ஒன்று இருப்பதாகச் சொன்னார். விதி பதினொன்று. பெற்றோரில் ஒருவர் பெற்றோருக்கான இயற்கணிதச் சொல்வளத் தேர்வை வாய்மொழியாக எழுதலாம். வாய்மொழியாக எப்படி எழுதுவது என்று நான் கேட்கவில்லை. அவருடைய மதிப்பெண்ணையும் பிள்ளையின் மதிப்பெண்ணையும் கூட்டிச் சராசரி எடுப்பார்கள். பதினைந்து வந்தால் பிள்ளை ஏ பிரிவிலேயே இருக்கலாம். சனிக்கிழமை காலை பத்து மணி. இருபத்தைந்து வரையறைகள் கொண்ட ஒரு கையேட்டையும் கொடுத்தார். அட்டையில், 'சிந்திக்கும் தலைமுறைக்கு' என்று அச்சடித்திருந்தது.

மூன்று நாள் இருந்தது. கையேடு முழுக்க இங்கிலீஷ். கயல் உட்கார்ந்து இருபத்தைந்தையும் தமிழ் எழுத்தில் எனக்கு எழுதிக் கொடுத்தாள். "எ வேரியபிள் ஈஸ் எ லெட்டர் தட் ரெப்ரஸன்ட்ஸ் அன் அன்நோன் நம்பர்." எழுதிக்கொண்டே விளக்கவும் செய்தாள்.

"நைனா, கெழுன்னா ஒண்ணும் இல்ல. 3x-னா மூணு x. எத்தினி x-னு சொல்லுற நம்பருதான் கெழு. இப்ப நீ மூணு தபா லிஃப்ட்ல—"

"புரிய வெக்காத கண்ணு" என்றேன். "புரிஞ்சா வார்த்தை மறந்துபூடும். அப்டியே உள்ள ஏத்திக்கிறேன்."

அவள் பேனாவை மூடிவிட்டாள். எனக்கு அப்போது அவசரம். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

வியாழன், வெள்ளி இரண்டு நாளும் லிஃப்ட்டிலேயே படித்தேன். தரைத்தளத்தில் ஏறும்போது மாறி, முதல் மாடியில் மாறிலி, இரண்டாவதில் கெழு. மூன்றாவதில் ரெடிமேட். குழந்தைகள் அழுவதால் அங்கே எதுவும் ஏறவில்லை. நாலாவதில் பரிமாற்றுப் பண்பு. ஐந்தாவது மாடி கேட்ட ஒரு அம்மாவை, சேர்ப்புப் பண்பு பாதியில் இருந்ததால் ஆறாவதுக்குக் கொண்டுபோய்விட்டேன். என்னப்பா முணுமுணுக்கிறே என்று கேட்டார். ஸ்லோகம் என்று சொன்னேன். நல்லது, சொல்லு சொல்லு என்று இறங்கிப் போனார்.

காலையில் மீன் எடுக்கக் கிளம்பும்போது ரத்னா நின்று பார்த்தாள். "இன்னாய்யா இது. அது படிச்சா ஃபெயிலு, நீ ஒப்பிச்சா பாஸா?"

"அவங்கோ ரூலு அப்டி."

"நல்லா கீது ரூலு" என்று சொல்லிக் கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

சனிக்கிழமை பள்ளி அரங்கத்தில் அறுபது பெற்றோர்கள் இருந்தோம். ஹால் டிக்கெட்டில் பிள்ளையின் போட்டோவும் நம்முடைய போட்டோவும் இருக்க வேண்டும். ஒரு அப்பா உள்ளங்கையில் எழுதி வந்து பிடிபட்டார். அவரை வெளியே அனுப்பும்போது அவர் மகனையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கூடவே அனுப்பினார்கள். குத்துவிளக்கு ஏற்றினார்கள். ஏற்றியதும் தாளாளர் சிதம்பரநாதன் பேசினார். வெள்ளை வேட்டி, தெற்கத்திப் பேச்சு. ஊரில் அவருக்கு நாலு பள்ளிக்கூடம் இருப்பதாகச் சொல்லிக்கொண்டார்கள்.

"நான் எட்டாப்புல கணக்குல மூணு தடவ தோத்தவன், பாத்துக்கிடுங்க. இன்னைக்கு நாலு பள்ளிக்கூடம் நடத்துதேன். எப்படி? கணக்கு தெரிஞ்சவன் எல்லாம் எங்கிட்ட வேலை பாக்கான். அப்போதான் எனக்கு விளங்குச்சு. கணக்கு தெரியணும்ங்கிறது முக்கியமில்ல. கணக்கு தெரிஞ்ச மாதிரி சத்தமாப் பேசணும். அந்தப் பேச்சத்தான் நாம பிள்ளையளுக்குக் குடுக்கோம். கேள்வி கேக்குற பிள்ளைய எனக்குப் பிடிக்கும். ஆனா அது கேக்குற கேள்வி நம்ம கையேட்டுல இருக்கணும், பாத்துக்கிடுங்க."

எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

எனக்கு முன்னால் மேடைக்குப் போனவர் ராம்குமார். அடையாறு, ஏதோ சாஃப்ட்வேர் கம்பெனியில் பெரிய வேலை. ஏசி அறைப் பெற்றோர். அவர் மகனுக்கு ஆறு மதிப்பெண். மேடையில் ஸ்வர்ணலதா மேடமும் இன்னும் இரண்டு பேரும் கையேட்டில் விரல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"சமனி உறுப்பு?" என்று கேட்டார் மேடம்.

"எந்த எண்ணோட கூட்டினாலும் அந்த எண்ணை மாத்தாத எண். கூட்டலுக்கு ஜீரோ, பெருக்கலுக்கு ஒண்ணு" என்றார் ராம்குமார், கடகடவென்று.

மூன்று விரல்களும் கையேட்டில் அசையாமல் நின்றன. "பெருக்கல் அடுத்த பக்கத்துல வருது சார். நீங்க முன்கூட்டியே சொல்லிட்டீங்க."

"மேடம், நான் தினமும் அல்ஜீப்ராலதான் வேலை பாக்கறேன். இது எனக்கு நல்லாவே புரியும்."

"அதுதான் சார் பிரச்சனை" என்றார் மேடம், கனிவாகவே. "புரிஞ்சவங்க சொந்தமா சொல்ல ஆரம்பிச்சுடறாங்க. புரியாதவங்க நாங்க குடுத்ததை அப்படியே சொல்லுவாங்க. எங்களுக்கு அவங்கதான் வசதி."

ராம்குமார் ஏழு மதிப்பெண்ணோடு இறங்கினார். ஏசியில் உட்கார்ந்திருந்தும் அவருக்குப் பலன் இல்லை. சிரிக்கலாமா என்று நினைத்தேன். அவர் பையன் வாசலில் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். சிரிப்பு வரவில்லை.

என் பெயரைக் கூப்பிட்டார்கள். மேடையில் கண்ணை மூடிக்கொண்டேன். தரைத்தளத்திலிருந்து லிஃப்ட் கிளம்பியது. ஒவ்வொரு மாடியாக நின்று, ஏற்றி வைத்ததை இறக்கிக்கொண்டே போனேன். எனக்கு ஒரு வார்த்தைக்கும் அர்த்தம் தெரியாது. மூன்று விரல்களும் என்னோடு ஒழுங்காக ஓடி வந்தன. ஒரு கமா வரும் இடத்தில் மூச்சுவிட்டதற்காக ஒரு சார் தலையை ஆட்டிப் பாராட்டினார். இருபத்தைந்துக்கு இருபத்தைந்து.

கயலின் நாலும் என் இருபத்தைந்தும் சேர்த்து இருபத்தொன்பது. சராசரி பதினாலரை. அரை மதிப்பெண் இடித்தது. தாளாளரே எழுந்து வந்தார். "இவரு லிஃப்ட் ஓட்டுதவராமே. ஒண்ணும் தெரியாதவரு எல்லாத்தையும் சொல்லிட்டாரு. இதுதான்யா நம்ம பள்ளிக்கூடத்தோட வெற்றி" என்று சொல்லி, கருணை அடிப்படையில் அரை மதிப்பெண் சேர்த்து எனக்குச் சால்வை போர்த்தினார். போட்டோ எடுத்தார்கள். அடுத்த மாதம் மற்ற பெற்றோருக்கு நான் பயிற்சி வகுப்பு எடுக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார்கள். சரி என்றேன். என் மகளுக்குக் கணக்கு கிடைத்துவிட்டது. சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது.

குல்சும் அலுவலகத்தில் பிரிவு மாற்ற உத்தரவை ரத்து செய்து முத்திரை குத்திக் கொடுத்தார். கயலின் தலையைத் தொட்டு, "நல்லாப் படி கண்ணு" என்றார். என்னைப் பார்க்காமல் அடுத்த படிவத்தை எடுத்தார்.

மந்தைவெளி பஸ் ஸ்டாப்பில் நிழல் இருந்த பக்கமாக உட்கார்ந்தோம். மத்தியான வெயில். பஸ் வருவதாகத் தெரியவில்லை. கயல் சால்வையை மடித்து மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"நைனா, நீ மேடையில சொன்னியே, ஏதாவது புரிஞ்சுதா?"

பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் அவளிடம் சொன்னால் உடனே கண்டுபிடித்துவிடுவாள். "இல்ல கண்ணு. ஒண்ணுமே புரியல" என்றேன்.

அவள் ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அழுவாளோ என்று நினைத்தேன். அழவில்லை. என் சட்டைப் பையிலிருந்து கையேட்டை எடுத்தாள்.

"அப்போ நானும் இதையே மனப்பாடம் பண்ணிக்கிறேன். அடுத்த டெஸ்ட்டு இருபதாந்தேதி. நீ புக்கைப் புடிச்சிக்கினு கேளு."

நல்ல புத்தி வந்ததே என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. கையேட்டை வாங்கிப் பிரித்தேன். சேர்ப்புப் பண்பு என்ற பக்கம் வந்தது. கேட்டேன். வரையறையை இங்கிலீஷில் ஒரு எழுத்து பிசகாமல் சொன்னாள். என் விரல் வரியின்மேல் கூடவே போனது. உதாரணம் சொல்லு என்றேன்.

"ஆறு, ஒம்போது, ஒண்ணு, இந்த மூணு நம்பரையும் கூட்டணும்னு வெச்சுக்கோ" என்றாள். அவள் குரலில் நாலு நாளாக இல்லாத ஒரு துள்ளல் வந்திருந்தது. "ஆறையும் ஒம்போதையும் மொதல்ல கூட்டினா கஷ்டம். ஒம்போதையும் ஒண்ணையும் மொதல்ல சேத்துட்டா பத்து வந்துடும். அப்புறம் ஆறு. பதினாறு, சுலுவா. எதை மொதல்ல சேத்தாலும் அதே விடைதான். அதான் நைனா இந்தப் பண்பு. இதுக்குத்தான் இது கீது."

என் விரல் காகிதத்தில் ஒரே இடத்தில் நின்றுவிட்டது. அங்கே வேறு எண்கள் இருந்தன.

"அது இல்ல கண்ணு. புக்குல ரெண்டு, மூணு, நாலுதான் போட்டுகீது."

"ரெண்டும் ஒண்ணு தானே நைனா?"

"ஒண்ணுதான்" என்றேன். "புக்குல இருக்கறத சொல்லு."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு கையைக் கட்டிக்கொண்டு, நேராக உட்கார்ந்து, ரெண்டு, மூணு, நாலு என்று சொன்னாள். சரி என்று தலையாட்டி, அடுத்த பக்கத்தைத் திருப்பினேன்.